கக்குவான் இருமலும் கூட்டுக் காவலும்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இதன் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்று வெள்ளத்துக்கு அணை கட்டுவது அரசின் பொறுப்பு. நோய் என்னும் வெள்ளத்துக்கு அணை கட்டுவதோ ஒவ்வொரு வீட்டின் பொறுப்பு. ஒரு வீடு தன் பங்கைக் கட்டாமல் விட்டால், அந்த இடைவெளி வழியே புகும் வெள்ளம் அடுத்த வீட்டுத் தொட்டிலையும் சேர்த்தே அடித்துச் செல்லும். இந்த உண்மையைக் கக்குவான் இருமல் என்னும் நோயை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"குழந்தைகளுக்குப் போடும் ஊசியைப் பற்றித் தாய்மார்கள் அறிந்தால் போதாதா? பள்ளி மாணவிகளுக்கு அது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். மாணவிகளே, நம்மில் பலர் வீட்டின் மூத்த பெண்கள். பள்ளி விட்டு வீடு சேர்ந்ததும் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டுத் தம்பியையோ தங்கையையோ இடுப்பில் தூக்கிக்கொள்கிறவர்கள். அந்தப் பச்சிளங் குழந்தையின் முகத்துக்கு மிக அருகில் பேசுகிறவர்களும், கொஞ்சுகிறவர்களும், இருமுகிறவர்களும் நாம்தாம். ஆகவே இது நம்முடைய பாடமே.

நோய் பற்றிய அறிவைப் பாமரருக்கும் கொண்டு சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் பத்தமடைக்குப் புதிதன்று. 1887-ஆம் ஆண்டு இவ்வூரில் பிறந்த சுவாமி சிவானந்தர், துறவு பூணுமுன் ஒரு மருத்துவராக இருந்தார் என்பதும், 1909-இல் சுகாதாரம் பற்றிய 'அம்புரோசியா' என்ற இதழைத் தொடங்கி நடத்தினார் என்பதும் பலரும் அறியாத செய்தி. அவர் பிறந்த மண்ணில் நாமும் நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது பொருத்தமே.

நோயின் தன்மை

கக்குதல் என்றால் வாந்தியெடுத்தல். விடாமல் இருமி இருமி, முடிவில் குழந்தை உண்டதையெல்லாம் கக்கிவிடுகிறது. நோயின் பெயரே அதன் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. சீனத்தில் இதனை 'நூறு நாள் இருமல்' என்பர். அதுவும் பொருத்தமான பெயரே.

இந்நோய் மூன்று கட்டங்களாக வளர்கிறது. முதல் ஓரிரு வாரங்களில் சாதாரணச் சளி, மூக்கொழுகல், இலேசான காய்ச்சல், சிறு இருமல் ஆகியவையே தோன்றும். யாரும் இதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் நோய் மிகுதியாகப் பிறருக்குப் பரவுவது இந்தக் கட்டத்தில்தான். கண்டுகொள்ளுமுன் பரவிவிடுவதே இந்நோயின் பெருந்தந்திரம்.

இரண்டாம் கட்டத்தில் உண்மை முகம் தெரியும். ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து முறை தொடர்ந்து இருமல் வரும். இடையில் மூச்சை உள்ளே இழுக்கவே இடமிராது. முகம் சிவந்து, பிறகு கறுத்து, கண்கள் பிதுங்கி, கண்ணீர் வழியும். இருமல் ஓய்ந்தவுடன் குழந்தை வெகு வேகமாக மூச்சை இழுக்கும்போது கூவுவது போன்ற ஓர் ஒலி எழும். அதன் பின் வாந்தி. இரவில்தான் இது அதிகம். இப்படி ஒரு மாதம், சில வேளைகளில் இரண்டு மாதங்களுக்கு மேலும் நீடிக்கும். மூன்றாம் கட்டத்தில் இருமல் மெல்ல மெல்லக் குறையும்.

பெரிய குழந்தைகள் இத்துன்பத்தைக் கடந்து பிழைத்து விடுவார்கள். ஆனால் சில வாரங்களே ஆன கைக்குழந்தைக்கு அந்தக் கூவல் ஒலிகூட எழுவதில்லை. இழுத்து மூச்சு விட அதற்குச் சக்தி ஏது? இருமல்கூட வெளியே தெரியாமல், திடீரென்று மூச்சு நின்று உடல் நீலம் பாரிக்கும். நிமோனியாவும் வலிப்பும் தொடரலாம். இந்நோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் ஓராண்டு நிறையாத குழந்தைகளே. அவர்களிலும் மூன்று மாதம் நிரம்பாதவர்களே மிகுதி. இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் வரும் கணக்கெல்லாம் இந்தச் சிசுக்களுக்காகவே.

கிருமியும் அதன் வேலையும்

1906-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டு அறிஞர் ஜூல்ஸ் போர்டே, தம் உறவினரான ஆக்டேவ் ஜென்கூவுடன் சேர்ந்து இந்நோய்க்குரிய கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். போர்டேயின் பெயராலேயே அது 'போர்டெடெல்லா பெர்டுசிஸ்' என்று வழங்குகிறது. 1919-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

நம் மூச்சுக் குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் உண்டு. காற்று வீசும்போது நெற்கதிர்கள் ஒருசேர அசைவது போல அவை ஓயாமல் அசைந்து, தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. கக்குவான் கிருமி அந்த இழைகளைப் பற்றிக்கொண்டு, நஞ்சைக் கக்கி அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. பெருக்குவோர் இல்லாத வீடு போல மூச்சுக் குழாயில் சளி தேங்குகிறது. அதனை வெளியேற்ற உடல் செய்யும் போராட்டமே அந்தத் தொடர் இருமல். கிருமி அழிந்த பின்னும் இழைகள் பழுதடைந்தே இருப்பதால் இருமல் வாரக்கணக்கில் நீடிக்கிறது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகள் கிருமியைக் கொன்று பிறருக்குப் பரவாமல் தடுக்கும். ஆனால் இரண்டாம் கட்டம் தொடங்கிய பின் கொடுத்தால், இருமலை உடனே நிறுத்த அவற்றாலும் இயலாது.

மருந்தின் எல்லை இதுவென்றால் கைவைத்தியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கழுதையைத் தெருத் தெருவாக ஓட்டி வருவோரிடம் ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கிப் புகட்டுவதும், மந்திரித்துக் கயிறு கட்டுவதும் நம் பக்கத்தில் வழக்கமாக இருந்து வந்தவை. பெற்றோரின் பாசத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கழுதைப்பால் இக்கிருமியைக் கொல்லாது. காய்ச்சாமல் புகட்டும் பாலால் வேறு நோய்களும் வரக்கூடும். கயிறு கட்டிக் காத்திருக்கும் நாள்களில் நோய் முற்றுவதோடு அண்டை வீடுகளுக்கும் பரவிவிடும். ஆகவே இந்நோய்க்கு வந்தபின் பார்ப்பதைவிட வருமுன் காப்பதே வழி.

இரு ஆசிரியைகளின் அருஞ்செயல்

இந்த வழியைக் கண்டவர்களில் தலைசிறந்தவர்கள் இரு பெண்மணிகள். அமெரிக்காவைச் சேர்ந்த பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்னும் அவ்விருவரும் முன்னர்ப் பள்ளி ஆசிரியைகளாகப் பணிபுரிந்தவர்கள். சிறு வயதில் இருவருமே கக்குவானால் துன்புற்றவர்கள்.

1932-ஆம் ஆண்டு. உலகெங்கும் பொருளாதார மந்தம். மிச்சிகன் மாநிலத்தின் கிராண்டு ராப்பிட்ஸ் நகரில், மாநிலச் சுகாதாரத் துறையின் பரிசோதனைக் கூடத்தில் இருவரும் வேலை பார்த்து வந்தனர். தண்ணீரையும் பாலையும் சோதிப்பது அவர்களது அன்றாட அலுவல். அது முடிந்த பின், மாலை வேளைகளில், நோய் கண்ட வீடுகளைத் தேடி நடந்தனர். வேலையின்றி வாடிய குடும்பங்கள். மண்ணெண்ணெய் விளக்கொளியில் இருமும் குழந்தைகள். ஒரு சிறு வட்டத் தட்டைக் குழந்தையின் வாய்க்கு நேரே பிடித்து, அதில் இருமச் செய்து, அந்தத் தட்டில் வளரும் கிருமியைக் கண்டு, குழந்தைக்கு நோய் இன்னும் பரவும் நிலையில் உள்ளதா என்று கூறினர். இவ்வாறு திரட்டிய கிருமிகளைக் கொன்று தூய்மைப்படுத்தி ஊசி மருந்து தயாரித்தனர். முதலில் தங்கள் உடலிலேயே அதனைச் செலுத்திப் பார்த்த பின்னரே குழந்தைகளுக்குக் கொடுத்தனர்.

அவர்களுக்கு முன்னரும் சிலர் இவ்வகை மருந்துகளைச் செய்ததுண்டு. டென்மார்க் நாட்டு மத்சென் என்பார் 1920-களில் பாரோ தீவுகளில் கொடுத்துப் பார்த்தார். ஆயினும், ஊசி போட்ட குழந்தைகளையும் போடாத குழந்தைகளையும் அருகருகே வைத்து ஒழுங்காகக் கணக்கெடுத்து, ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பித்தது இப்பெண்மணிகளின் சோதனையே. 1934-இல் தொடங்கிய அதில், நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். போட்டவர்களில் நோய் கண்டவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. 1936-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் நேரில் வந்து பார்த்து, மேலும் பணியாளர் கிடைக்க உதவினார். பின்னாளில் இக்குழுவில் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி லோனி கார்டன், மருந்துக்கேற்ற வீரியமுள்ள கிருமி வகையைக் கண்டறிந்து அம்மருந்தைச் செம்மைப்படுத்தினார்.

1934-இல் அமெரிக்காவில் கக்குவான் கண்டவர் சுமார் 2 லட்சத்து 65 ஆயிரம் பேர். 1976-இல் சுமார் ஆயிரம் பேர் மட்டுமே! தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகியவற்றுக்கான மருந்துகளையும் இதனுடன் கலந்து மூன்றையும் ஒரே ஊசியாக்கியதிலும் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. அதுவே நாம் முத்தடுப்பூசி என்றும் டி.பி.டி. என்றும் வழங்குவது.

ஒரு தெருவின் கணக்கு

இனிக் கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம். ஊசி போட்ட குழந்தைக்கு நோய் வராது என்பது எளிதில் விளங்கும். ஊசி போடாத குழந்தையும் அதனால் எப்படிக் காப்பாற்றப்படுகிறது?

கக்குவான் மிக வேகமாகப் பரவும் நோய்களுள் ஒன்று. யாருக்கும் எதிர்ப்புச் சக்தியே இல்லாத ஓர் ஊரில், ஒரு நோயாளி 12 முதல் 17 பேருக்கு இதனைக் கொடுத்துவிடுவார் என்று கணக்கிட்டுள்ளனர். நாம் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி இருமும் தூரத்தில் அந்த 15 பேரும் இருக்கிறார்கள். அவர்களில் 10 பேர் காப்பு உடையவர்கள் என்றால், மீதி 5 பேருக்கு நோய் வரும். அந்த ஐவரும் ஆளுக்கு 5 பேருக்குக் கொடுத்தால் 25, பிறகு 125. மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காப்பு இருந்தும் ஊர் தப்பவில்லை.

15 பேரில் 14 பேர் காப்பு உடையவர்கள் என்றால்? ஒருவரிடமிருந்து ஒருவருக்கே போகும். நோய் வளராது. 14-க்கும் மேல் போனால் சங்கிலி அறுந்து நோய் தானே மடியும். 15-இல் 14 என்பது நூற்றுக்கு 93. எனவேதான் நூறு குழந்தைகளில் 80 பேருக்குப் போட்டாயிற்றே என்று திருப்தியடைய முடியாது என்கிறார்கள் மருத்துவர்கள். மேலும், முழுத் தவணையும் போட்ட பின்னும் சிலருக்குப் போதிய எதிர்ப்பு உண்டாவதில்லை. அவர்களையும் கணக்கில் கொண்டால், ஒரு குழந்தையைக்கூட விடக்கூடாது என்பதே விடையாகும்.

முதல் ஊசி போடும் வயது ஆறு வாரம். அதற்குமுன் ஒரு குழந்தைக்கு இந்நோயை எதிர்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று தவணையும் முடிய 14 வாரம் ஆகும். அந்த மூன்று மாதமும் குழந்தையின் காவல் அதன் கையில் இல்லை. அண்ணன், அக்காள், அண்டை வீட்டுப் பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் கையில் இருக்கிறது. ஐந்து வயதுச் சிறுவனுக்குப் போடும் ஊசி, அவன் வீட்டில் தொட்டிலில் கிடக்கும் தங்கைக்கும் போட்டது போலாகிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் டாக்டர் ரூபன் சாமுவேலும் 2000-ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மக்களில் எத்தனை பேர் எதிர்ப்புச் சக்தி பெற்றுள்ளனர் என்பது வேறு; அதன் பயனாக ஊசி போடாதவர்களிடமும் நோய் குறைவது வேறு என்று அவர்கள் பிரித்துக் காட்டினர். இந்த இரண்டாவதையே இங்கு நாம் கூட்டுக் காவல் என்கிறோம். எல்லா ஊசிகளுக்கும் இந்தக் காவல் கிடையாது. ரணஜன்னிக் கிருமி மண்ணிலிருந்து புண் வழியே வருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. ஆகவே ஊரெல்லாம் ரணஜன்னி ஊசி போட்டுக்கொண்டாலும், போடாத ஒருவன் துருப்பிடித்த ஆணியை மிதித்தால் அவனுக்கு ஆபத்தே. கக்குவானோ மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுவது. முத்தடுப்பூசி என்னும் ஒரே குப்பியில், தன்னை மட்டும் காக்கும் மருந்தும் அயலாரையும் காக்கும் மருந்தும் சேர்ந்திருப்பது வியப்பன்றோ!

பாயில் விழும் ஓட்டை

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அதைப் பத்தமடைக்காரர்களுக்கு விளக்குவது எளிது. பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, ஆற்றங்கரைக் கோரையை ஒவ்வொன்றாக ஊடே கோத்து நெய்கிறார்கள். பாய் முழுவதிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோரைகள் குறைந்தால் பாய் தாங்கிக்கொள்ளும். அதே எண்ணிக்கையில் கோரைகள் ஒரே இடத்தில் குறைந்தால்? அங்கே ஓட்டை விழும். அதிலிருந்தே பாய் கிழியத் தொடங்கும்.

ஊசியும் அப்படித்தான். மாவட்டம் முழுவதும் நூற்றுக்கு 95 பேர் போட்டுக்கொண்டார்கள் என்று கணக்கு சொல்லலாம். போடாத 5 பேரும் ஒரே தெருவில், ஒரே உறவுக் கூட்டத்தில் இருந்தால், நோய்க்கு அந்தத் தெரு போதும். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் தவணைகள் தவறிப்போவதும் உண்டு. சராசரிக் கணக்கு நம்மை ஏமாற்றும். தெருக் கணக்கே உண்மை பேசும்.

கைவிட்டவர்கள் கண்ட பலன்

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை உலகம் இருமுறை தெளிவாகக் கண்டது.

ஜப்பான் நாட்டில் 1974-இல் பத்தில் எட்டுக் குழந்தைகள் ஊசி பெற்றிருந்தனர். அவ்வாண்டு நாடு முழுவதும் நோய் கண்டவர் 393 பேர். இறந்தவர் ஒருவருமில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஊசி போட்ட பின் இரு குழந்தைகள் இறந்தன. ஊசியால் இறந்தனவா என்ற கேள்விக்கு விடை காணுமுன்பே அச்சம் பரவியது. அரசு சிறிது காலம் ஊசியை நிறுத்தி வைத்தது. பின்னர்த் தொடங்கியும் பெற்றோர் வரவில்லை. 1976-இல் பத்தில் ஒரு குழந்தையே ஊசி பெற்றது. 1979-இல் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது; 41 பேர் மாண்டனர். 1981-இல் பக்க விளைவு குறைந்த புதுவகை ஊசியைக் கொண்டுவந்த பின்னரே நிலைமை சீரடைந்தது.

பிரிட்டனிலும் 1974-இல் இவ்வூசி மூளையைப் பாதிக்கிறது என்ற ஐயம் எழுந்தது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதனைப் பெரிதாக்கின. 80-ஐ ஒட்டியிருந்த விழுக்காடு சில ஆண்டுகளில் 30-ஐ ஒட்டி இறங்கியது. 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் இரு பெரும் அலைகள் வீசின. நிலையான மூளைப் பாதிப்பை இவ்வூசி உண்டாக்குகிறது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1988-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் அலைகள் வந்து போய்விட்டன.

நம் நாட்டில்

இந்தியாவில் 1978-இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1985-இல் அது அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாகி, சில மாவட்டங்களில் தொடங்கி 1990-க்குள் நாடெங்கும் பரவியது. 1907-இல் தொடங்கப்பெற்ற குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் பல ஆண்டுகள் முத்தடுப்பூசி மருந்தைத் தயாரித்து வழங்கியது நம் மாநிலத்துக்குப் பெருமை. 1987-இல் நாட்டில் பதிவான கக்குவான் நோயாளிகள் சுமார் 1 லட்சத்து 63 ஆயிரம். 2013-இல் சுமார் 37 ஆயிரம். நான்கில் மூன்று பங்கு குறைந்துவிட்டது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் நாட்டிலேயே முதன்முதலாக, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி அரசுத் திட்டத்தில் வந்தது. கக்குவான் மருந்தும் அதில் அடங்கும்.

இவ்வளவு முன்னேறிய நம் மாநிலத்திலும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் உயிரிழந்தன. பெற்ற வயிறுகள் பற்றியெரிந்த அந்தத் துயரத்துக்கு ஆறுதல் சொல்ல வார்த்தையில்லை. அதன்பின், கிராமங்களுக்கே சென்று ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைக் கொண்டுவர வேண்டும் என்றாயிற்று. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனால் பஸ் வசதியற்ற ஊர்களிலிருந்து, கூலி வேலையை விட்டுவிட்டு எத்தனை தாய்மார்கள் வர முடியும்?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2005-06-இல் தமிழ்நாட்டில் முத்தடுப்பூசியின் மூன்று தவணையும் பெற்ற குழந்தைகள் நூற்றுக்குச் சுமார் 96. 2015-16-இல் சுமார் 85. மேலே நாம் போட்ட கணக்கில் 93 என்ற கோடு எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! ஒரு காலத்தில் கோட்டுக்கு மேலே நின்ற மாநிலம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. எல்லா ஊசிகளையும் முழுமையாகப் பெற்ற குழந்தைகளின் கணக்கும் அவ்வாறே 81-லிருந்து 70-ஆகக் குறைந்தது. நல்லவேளையாக 2019-21 கணக்கெடுப்பில் அது 89-ஆக உயர்ந்தது. ஏறுவது எவ்வளவு கடினம், இறங்குவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஊசியின் எல்லை

ஊசியின் பெருமையைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்வதே நேர்மை. கக்குவான் ஊசி தரும் காப்பு ஆயுள் முழுவதும் நிற்பதில்லை. சில ஆண்டுகளில் மெல்லத் தேய்கிறது. நோய் வந்து குணமானவருக்கும் அப்படியே. அதனால்தான் ஊசி போடும் நாடுகளிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்நோய் தலைதூக்குகிறது. 2024-இல் இங்கிலாந்தில் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியாயிற்று; 11 பச்சிளங் குழந்தைகள் இறந்தன.

மேலை நாடுகள் பல, காய்ச்சல் குறைவாக வரும் புதுவகை ஊசிக்கு மாறிவிட்டன. ஆனால் பபூன் குரங்குகளிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வில் ஓர் உண்மை தெரிந்தது. புதுவகை ஊசி பெற்ற குரங்குகள் நோயுறவில்லை. ஆயினும் தொண்டையில் கிருமியைச் சுமந்து பிற குரங்குகளுக்குக் கொடுத்தன. பழைய, முழுக் கிருமி ஊசி பெற்றவற்றிடம் கிருமி விரைவாக அகன்றது. நம் நாட்டு அரசுத் திட்டத்தில் வழங்குவது இந்தப் பழைய வகையே. ஓரிரவு காய்ச்சலும், ஊசி போட்ட தொடையில் வீக்கமும் வருவது அதனால்தான். அந்தக் காய்ச்சலைக் கண்டு அஞ்சி, "என் பிள்ளைக்கு ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று அடுத்த தவணையை விட்டுவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். செவிலியர் சொல்லும் அளவில் பாரசிட்டமால் கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். வலிப்போ, விடாத அழுகையோ, கடுங்காய்ச்சலோ கண்டால் டாக்டரிடம் காட்டி, அவர் சொற்படி நடக்க வேண்டும்.

இங்கே நம் மாணவிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 10 வயதிலும் 16 வயதிலும் அரசுத் திட்டத்தில் நமக்குப் போடும் டி.டி. ஊசியில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமே மருந்து உண்டு, கக்குவானுக்கு இல்லை. ஐந்து வயதில் போட்ட ஊசியின் காப்பு நம் வயதில் தேய்ந்திருக்கும். நமக்கு வரும் கக்குவான் கூவலோடு வராது. "இந்தச் சளி விடவே மாட்டேன் என்கிறது" என்று சொல்லும்படியான வறட்டு இருமலாகவே வரும். நாம் பள்ளிக்கு வருவோம், விளையாடுவோம், வீட்டுக்குப் போய்க் குழந்தையையும் தூக்குவோம். நமக்குச் சிறு தொல்லை. அந்தக் குழந்தைக்கோ உயிராபத்து!

இதற்கு ஒரு வழி, தாய் கருவுற்றிருக்கும்போதே அவருக்குக் கக்குவான் மருந்து சேர்ந்த ஊசி போடுவது. தாயின் எதிர்ப்புச் சக்தி சேய்க்கு முதல் மாதங்களில் துணை நிற்கும். 2012-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் 14 சிசுக்களைப் பலிகொண்ட அலையின்போது பிரிட்டன் இதனைத் தொடங்கி நற்பயன் கண்டது. நம் நாட்டில் விரும்புவோர் தங்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்டறியலாம்.

நாம் செய்யத்தக்கவை

1. வீட்டில் உள்ள தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட். 16 முதல் 24 மாதத்துக்குள் முத்தடுப்பூசியின் முதல் ஊக்குவிப்பு ஊசி. 5 வயது முதல் 6 வயதுக்குள் இரண்டாவது. குழந்தை நடக்கத் தொடங்கிய பின் வரும் இந்தக் கடைசி இரண்டையுமே பலர் மறந்துவிடுகிறார்கள்.

2. தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எந்த ஊசி, எப்போது என்பதைச் சுகாதாரச் செவிலியர் கூறுவார். புதன்கிழமையே நம் மாநிலத்தில் தடுப்பூசி நாள். ஊசி இலவசம்.

3. இலேசான சளி, இருமல் இருப்பதால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். குழந்தையைக் கொண்டு சென்று காட்டுங்கள். முடிவைச் செவிலியரிடம் விட்டுவிடுங்கள்.

4. இரண்டு வாரத்துக்கு மேல் நமக்கு இருமல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதுவரை கைக்குழந்தை அருகில் போகாமல், வாயை மூடி இருமிப் பழக வேண்டும். பிள்ளை பார்க்கப் போகும் உறவினருக்கும் இது பொருந்தும். இருமலோடு போய்க் குழந்தையை வாங்கிக் கொஞ்சுவது பாசமாகாது.

5. கைக்குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்தாலும், உடல் நீலம் பாரித்தாலும், இருமிக் கக்கினாலும் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ கொண்டு செல்ல வேண்டும்.

பெரியம்மையை நாம் கண்டதில்லை. நம் அன்னையர் பலரும் கண்டதில்லை. இளம்பிள்ளை வாதமும் நம் நாட்டில் இல்லை என்று 2014-இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. கக்குவானை அப்படி அடியோடு ஒழித்துவிட இன்றுள்ள ஊசியால் இயலாது. ஆனால் தொட்டிலை அணுகவிடாமல் தடுக்க இயலும். அதற்குப் பெரிய படிப்போ பணமோ தேவையில்லை. உரிய நாளில் உரிய ஊசி. இருமும்போது சிறிது எச்சரிக்கை. அண்டை வீட்டுத் தாயிடம் அன்பாக ஒரு சொல். இவை மூன்றும் ஒவ்வொரு மாணவியாலும் ஆகக்கூடியவையே. வரும் புதன்கிழமை நம் தெருவிலிருந்து எந்தக் குழந்தை போக வேண்டும் என்று இன்று மாலையே கேட்டறிவோமாக!